முன் சஸ்பென்ஷனைப் பிரித்து மாட்டுவது: முதல் தடவை கை வைப்பவர்களுக்கு

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் டொக் டொக்கென்று அடிக்கிறது, இல்லையென்றால் ஷாக் அப்சார்பர் உடம்பெல்லாம் எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பிக் கிடக்கிறது, பாகத்தை வாங்கி நாமே மாற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். முரட்டு பலம் இருந்தால்தான் முடியும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பலத்தைவிட ஒரு பழக்கம்தான் இங்கே முக்கியம். எந்த நட்டில் ஸ்பேனரை வைத்தாலும் ‘இது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இதை எடுத்தால் எது எந்தப் பக்கம் பாயும்’ என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் திருப்ப வேண்டும். இன்ஜினில் ஒரு மூடியைக் கழற்றினால் அது பேசாமல் கையோடு வந்துவிடும். சஸ்பென்ஷனில் ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும், இடதையும் வலதையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும், சக்கரத்தை அடியில் வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்கூடத் தன் பங்குக்குத் திருகிக்கொண்டிருக்கும்.

இங்கே சொல்வது முன்சக்கர டிரைவ் உள்ள சாதாரண காரின் மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பை வைத்து. எர்ல் மக்பர்சன் என்ற பொறியாளர் 1940களில் கொண்டுவந்த வடிவம் இது. ஷாக் அப்சார்பரையும் காயில் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக்கி, அதை நேராகச் சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளோடு இணைத்துவிடுவார்கள். மேல் ஆர்ம் தேவையில்லை, இடமும் செலவும் மிச்சம், அதனால்தான் இன்றைக்கும் சிறிய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் இதுதான். உங்கள் வண்டியில் டபுள் விஷ்போன் (மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம்) இருந்தால் கழற்றும் வரிசை மாறும், ஆனால் மேலே சொன்ன கேள்வி மாறாது.

எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சத்தம் வருகிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கடிகார முள் கணக்கில் 9 மணியிலும் 3 மணியிலும் கை வைத்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் கம்பியின் நுனி. 12, 6 மணியில் பிடித்து ஆட்டும்போது ஆடினால் லோயர் பால் ஜாயின்டோ (லோயர் ஆர்மை நக்கிளோடு சேர்க்கும் பந்து மூட்டு) வீல் பேரிங்கோ. ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் பக்கம் சந்தேகப்படலாம். சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் மெல்லிய கடகட சத்தம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க் ராடு. ஸ்ட்ரட்டுக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பிதான் அடிக்கடி தேய்கிற பாகம், மாற்றுவதும் எளிது.

வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்று ஒரு சத்தமா? ஒருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு, சக்கர வளைவுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டிருங்கள். ஸ்பிரிங் சீராகச் சுற்றாமல், கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு நின்று சட்டென்று குதித்தால் மேல் மவுண்ட்டில் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது. சுருள்களுக்கு நடுவே விரலை விட வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நல்ல ஷாக் அப்சார்பரை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருக்கிறதே என்று தலையில் கை வைத்து உட்காருகிறவர்கள் நிறைய.

லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க ஒரு சின்னக் கடப்பாரை போதும். ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்து நெம்பினால், நல்ல ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பும். போன ரப்பரில் வட்டமாக ஒரு கிழிசல் வாய் பிளக்கும். மேலோட்டமான சின்ன வெடிப்பு வயதால் வருவது, அதற்காக மாற்ற வேண்டியதில்லை.

சாமான்கள்

நல்ல சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், ரிங் ஸ்பேனர்கள், ஆலன் கீ, சுத்தியல், கம்பி பிரஷ், துரு இளக்கும் ஸ்பிரே, டார்க் ரெஞ்சு, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு. ஸ்ட்ரட்டைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம். பால் ஜாயின்ட் புல்லர் இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும். சாக்கெட்டில் 12 முனை உள்ளதைவிட 6 முனை உள்ளதையே எடுங்கள், துருவேறிய நட்டின் மூலை மழுங்காமல் இருக்க அதுதான் வழி. எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் டார்க் ரெஞ்சு முடுக்குவதற்கு மட்டும். அதை வைத்து இறுகிய நட்டைக் கழற்றினால் அளவு காட்டுவதை அது மறந்துவிடும்.

வேலைக்கு முந்தைய நாளே கழற்ற வேண்டிய எல்லா நட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரையில் ஸ்பிரே அடித்து வையுங்கள். காலையில் இன்னொரு தடவை. சொல்லச் சொல்லக் கேட்காமல் நேரே ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்டுபவர்கள்தான் மரையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

தூக்கி நிறுத்துவது

கெட்டியான சமதளம். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் நடு நட்டையும் எடுக்க வேண்டிய வேலை என்றால் அதையும் இப்போதே இளக்க வேண்டும். பல கார்களில் அது 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல் முடுக்கப்பட்டிருக்கும், தூக்கிய வண்டியில் தொங்கிக்கொண்டு அதோடு போராடுவது ஆபத்து. ஸ்ட்ரட், லிங்க் ராடு, லோயர் ஆர்ம் மாற்ற அந்த நட்டைத் தொடவே வேண்டாம்.

முன்பக்கம் இரண்டையும் சேர்த்தே தூக்கி, கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் இரண்டு ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், ஒரு நிமிட வேலைதானே என்றாலும். ஸ்டாண்டு வைத்ததும் வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் பக்கச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஏதாவது சறுக்கினாலும் அது தாங்கும்.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தூக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டெபிலைசர் பார் இடதையும் வலதையும் இணைக்கும் கம்பி. ஒரு பக்கம் தொங்கி மறுபக்கம் தரையில் நின்றால் அது முறுக்கிக்கொள்ளும், லிங்க் ராடு நட் வெளியே வந்ததும் கம்பி படாரென்று அடிக்கும், மாட்டும்போதோ துளை எட்டவே எட்டாது. இரண்டும் ஒரே உயரத்தில் தொங்கினால் லிங்க் ராடு கையிலேயே கழன்று வரும்.

கழற்றத் தொடங்கலாம்

முதலில் மொபைலில் நாலைந்து படம் எடுங்கள், முக்கியமாகப் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் சென்சார் வயரும் எந்த வழியாக, எந்தக் கிளிப்பில் போகின்றன என்று. அவற்றை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவிப்பதுதான் முதல் வேலை. ஏபிஎஸ் வயரை இழுக்காதீர்கள், ரப்பர் பிடியோடு சேர்த்துக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டை மட்டும் எடுக்க பிரேக் காலிபரைக் கழற்ற வேண்டியதில்லை. வேறு காரணத்துக்காகக் கழற்றினால் கம்பியால் ஸ்பிரிங்கிலோ சட்டத்திலோ கட்டித் தொங்கவிடுங்கள், அதன் எடையை ஹோஸ் தாங்கக் கூடாது.

லிங்க் ராடு நட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் பந்தும் சேர்ந்து சுற்றும். எவ்வளவு சுற்றினாலும் நட் இருந்த இடத்திலேயே இருக்கும், புதியவர்கள் இங்கேதான் பொறுமை இழப்பார்கள். போல்ட் நுனியின் நடுவில் ஆலன் கீ நுழையும் குழி இருக்கும், சிலவற்றில் ரப்பர் உறைக்குப் பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான பக்கம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்புங்கள். குழியில் துரு அடைத்திருந்தால் ஊசியால் சுத்தமாகக் கிளறிவிட்டு, கீயைச் சுத்தியலால் தட்டி ஆழமாக உட்கார வைத்த பிறகு திருப்புங்கள். குழி மழுங்கிப் போய்விட்டதா, புதிய லிங்க் கையில் இருக்கிறதா, கிரைண்டரால் அறுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு அறுங்கள், பக்கத்தில் இருக்கும் ஹோஸையும் உறைகளையும் மூடிவிட்டு.

அடுத்து ஸ்ட்ரட்டை நக்கிளோடு இணைக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள். கழற்றுமுன் ஸ்ட்ரட் தகடும் நக்கிளும் சேரும் இடத்திலும், போல்ட் தலையைச் சுற்றியும் கூர்மையான ஆணியால் கோடு கீறுங்கள். துளையில் இருக்கும் சிறு இடைவெளியிலேயே சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். பல வண்டிகளில் இந்தப் போல்ட்டின் கழுத்தில் பல் வெட்டியிருப்பார்கள், ஆகவே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். நட் வந்ததும் போல்ட்டை உடனே தட்டி வெளியே எடுக்க வேண்டாம். நக்கிள் வெளிப்பக்கம் சாயும்போது டிரைவ் ஷாஃப்ட்டையும் இழுக்கும், கியர்பாக்ஸ் பக்க ஜாயின்ட் பிரிந்து வந்துவிட்டால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகிவிடும். நக்கிளை ஒரு கயிற்றால் உள்பக்கமாகக் கட்டிவிட்டு அப்புறம் போல்ட்டை உருவுங்கள். சுத்தியலால் அடிப்பதென்றால் நட்டைப் போல்ட் நுனியோடு சமமாகத் திருகி வைத்து அதன் மேல் அடியுங்கள், மரை நசுங்காது.

கடைசியாக பானட்டைத் திறந்து மேல் மவுண்ட். சுற்றிலும் மூன்று நட், சில வண்டிகளில் இரண்டு. ஒருவர் கீழே ஸ்ட்ரட்டைப் பிடித்துக்கொள்ள, மேலே இருப்பவர் இவற்றை எடுத்தால் ஸ்ட்ரட் முழுதாகக் கீழே வரும். நடுவில் ஒரு பெரிய நட் இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட் மட்டும்தான். (சில கார்களில் அந்த நடு நட்டே மேலே ஸ்ட்ரட்டையும் பிடித்திருக்கும்படி அமைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் அந்த வண்டிக்குரிய கையேட்டைப் பார்க்காமல் மேலே போக வேண்டாம்.)

ஸ்பிரிங்

வண்டிக்கு அடியில் போவதைப் போலவே இதுவும் உயிருக்கே ஆபத்தான இடம், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வண்டி தரையில் நிற்கும்போது ஒரு முன் ஸ்பிரிங் சில நூறு கிலோ எடையைச் சுமக்கிறது. சக்கரம் தொங்கும்போது அழுத்தம் குறையும், ஆனால் போய்விடாது. கம்ப்ரசர் இல்லாமல் நடு நட்டை எடுத்தால் மவுண்ட்டும் ஸ்பிரிங்கும் ஒன்றாகப் பாயும், எதிரில் முகம் இருந்தால் அவ்வளவுதான்.

கம்ப்ரசர் பெரும்பாலும் இரண்டு நீளத் திருகுகளாக வரும், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி. இரண்டையும் ஸ்பிரிங்கின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களில், முடிந்தவரை அதிகச் சுருள்கள் உள்ளே அடங்கும்படி மாட்டுங்கள். பூட்டுப் பின் இருந்தால் போடுங்கள். ஸ்ட்ரட்டை வைஸில் பிடித்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் தரையில் படுக்க வைத்து, அதன் இரு முனைகளும் யாரையும் பார்க்காதபடி திருப்பி வையுங்கள். இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிக் கையால் திருப்புங்கள். ஒரு பக்கம் அதிகமாகப் போனால் ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளையும், அப்படி வளைந்தால் நிறுத்திவிட்டு மறுபக்கத்தைச் சரிக்கட்டுங்கள். இம்பாக்ட் கன் இங்கே வேண்டாம், மரை சூடேறிப் பிய்த்துக்கொள்ளும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அளவெல்லாம் கிடையாது. மேல் தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும், மவுண்ட்டைக் கையால் சுற்றினால் தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம். இப்போதுதான் நடு நட். உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றும், நுனியில் ஆலன் கீ பிடித்து வளைந்த ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். அதே ஷாக் அப்சார்பரைத் திரும்பப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் பளபளப்பான அந்தத் தண்டைக் குறடால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து எண்ணெய் கசியும்.

கழற்றிய வரிசைப்படி மவுண்ட், பேரிங், ஸ்பிரிங் தட்டு, பம்ப் ஸ்டாப் (கடைசி அடியைத் தாங்கும் மெத்தை), புழுதி உறை என்று தரையில் அடுக்கி வையுங்கள். பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தால் மணல் அரைபடுவது போலிருந்தால் மாற்றிவிடுங்கள். பம்ப் ஸ்டாப் பொடிப்பொடியாக உதிர்ந்தாலும் அப்படியே. இவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய மவுண்ட்டைப் போட்டு மூடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத சிக்கனம். ஷாக் அப்சார்பரை மட்டும் எப்போதும் இடம் வலம் ஜோடியாக மாற்றுங்கள். பழையதை அறுக்கவோ சூடாக்கவோ வேண்டாம், பலவற்றில் அழுத்தமான வாயு இருக்கும்.

புதியதை நிமிர்த்திப் பிடித்து, தண்டை நாலைந்து தடவை முழுதாக இழுத்து அழுத்துங்கள். பிறகு ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் கீழ் நுனி தட்டில் இருக்கும் படியில் போய் முட்டி உட்கார வேண்டும். அழுத்தியபடியே இருக்கும் ஸ்பிரிங்கைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் நடக்காதீர்கள். நடு நட்டை முழுதாக முடுக்கிய பிறகுதான் கம்ப்ரசரை, அதேபோல் மாற்றி மாற்றி, இளக்க வேண்டும்.

லோயர் ஆர்ம்

இதன் ஒரு முனை பால் ஜாயின்ட் வழியாக நக்கிளில், மறுமுனை இரண்டு புஷ்கள் வழியாக வண்டியின் சட்டத்தில். பால் ஜாயின்ட் இரண்டு விதமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். கூம்பு வடிவத் தண்டு துளைக்குள் இறங்கி நட்டால் பிடிக்கப்பட்டிருந்தால், நட்டை முழுதாக எடுக்காமல் நாலைந்து மரையில் விட்டுவைத்து, புல்லர் போட்டுத் திருகுங்கள். பட்டென்று ஒரு சத்தம் கேட்கும், விட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த நட் இல்லாவிட்டால் ஆர்ம் வந்து உங்கள் கையில்தான் விழும். புல்லர் இல்லையா, தண்டைச் சுற்றியிருக்கும் நக்கிளின் காதைப் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கி இரண்டு மூன்று அடி. தண்டின் நுனியில் அடிக்காதீர்கள், மரைதான் விரியும். கவட்டைக் கருவியை அடித்து இறக்குவதும் வேலை செய்யும், ஆனால் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். ஜாயின்ட்டைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் மட்டும்.

இன்னொரு விதத்தில் நக்கிளில் ஒரு பிளவும் குறுக்கே ஒரு போல்ட்டும் இருக்கும். அந்தப் போல்ட் ஜாயின்ட் தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் நிற்பது, ஆகவே இளக்கினால் போதாது, முழுதாக வெளியே வர வேண்டும். பிளவில் உளியை வைத்து லேசாகத் தட்டினால் வாய் விரியும், ஆர்மைக் கடப்பாரையால் கீழே நெம்பினால் தண்டு நழுவி வந்துவிடும்.

டை ராட் எண்டும் கூம்பு வடிவம்தான். அதை மாற்றுவதென்றால் எத்தனை சுற்றில் கழன்று வருகிறது என்று எண்ணி வைத்து, புதியதையும் அதே எண்ணிக்கையில் ஏற்றுங்கள், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடை வரைக்கும் வண்டி நேராகப் போகும்.

திரும்ப மாட்டும்போது

எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள், மரை குறுக்கே ஏறாமல் இருக்க. நைலான் வளையம் உள்ள நட்டும், நட் கழலாமல் குறுக்கே செருகும் ஸ்பிலிட் பின்னும் புதிதாகத்தான். ஸ்பிலிட் பின் நுழையும் துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கி நேர் செய்யுங்கள், பின்னோக்கி இளக்கிச் சரிக்கட்ட வேண்டாம்.

அனுபவம் உள்ளவர்களே அவசரத்தில் விட்டுவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முழுதாக முடுக்காதீர்கள். அந்தப் போல்ட், புஷ்ஷின் உள் இரும்புக் குழாயைச் சட்டத்தோடு அசையாமல் இறுக்குகிறது. வெளிக் குழாய் ஆர்மோடு ஆடுகிறது. நடுவில் இருக்கும் ரப்பர்தான் திருகிக் கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை என்றாகிவிடும். பிறகு வண்டியை இறக்கினால் நின்றுகொண்டிருக்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் இருக்கும், பள்ளத்தில் விழும்போது இன்னும் முறுக்கும், கொஞ்ச நாளில் கிழியும். புது புஷ் சீக்கிரமே போய்விட்டது, பாகம் மட்டம் என்று புலம்புகிறவர்களின் வண்டியில் பல நேரம் கோளாறு இதுதான். ஆகவே போல்ட்டுகளைக் கையிறுக்கமாக வைத்துவிட்டு, பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஜாக்கி வைத்து, வண்டி தரையில் நிற்கும்போது ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்குமோ அந்த அளவுக்குத் தூக்குங்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டி எழும்புகிற அளவுக்குப் போகக் கூடாது. அந்த நிலையில் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். வீல் சென்டரிலிருந்து சக்கர வளைவின் விளிம்பு வரை உள்ள உயரத்தைத் தூக்குமுன்பே அளந்து வைத்திருந்தால் கோணத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

முடுக்கும் அளவு ஒவ்வொரு வண்டிக்கும் வேறு, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

பின்பக்கம்

முன்சக்கர டிரைவ் சிறிய கார்களில் பின்னால் பெரும்பாலும் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. வேலை இதைவிடச் சுலபம், ஒரே ஒரு எச்சரிக்கை: தொங்கும்போது பீம் இதற்கு மேல் இறங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்சார்பர்தான். பீமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கிய பிறகுதான் அதன் கீழ்ப் போல்ட்டை எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கையும் மாற்றுவதென்றால் இரண்டு பக்க ஷாக் அப்சார்பரையும் கழற்றி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டு ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானாகத் தளர்ந்து வெளியே வரும்.

முடித்த பிறகு

சக்கரத்தை மாட்டுமுன் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பச் சொல்லி, ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எங்கும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பாருங்கள். காலிபரைத் தொட்டிருந்தால் வண்டியை நகர்த்துமுன் பிரேக் மிதியை நாலைந்து தடவை மிதித்து, கெட்டியானதும் கிளம்புங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் பட்டதும் குறுக்கு நெடுக்காக முடுக்குங்கள். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மெதுவாக, ரேடியோ இல்லாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு. மேல் மவுண்ட் நட் ஒன்று இளகியிருந்தாலும் முதல் வேகத்தடையிலேயே கேட்டுவிடும்.

அடுத்து நேராக வீல் அலைன்மென்ட். ஸ்ட்ரட் போல்ட், லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், இதில் எதைக் கழற்றியிருந்தாலும் இது கட்டாயம், தள்ளிப்போட்டால் டயர் ஓரம் தேய்ந்துவிடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டுகளையும் நீங்கள் தொட்ட மற்ற நட்டுகளையும் ஒரு தடவை டார்க் ரெஞ்சு வைத்துப் பார்த்துவிடுங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டைப் பார்க்கும்போது மட்டும், வண்டி தன் எடையில் நிற்கட்டும்.